கல்லைப் படிப்பதும் கல் நின்ற இடத்தைப் படிப்பதும்

கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார். இளங்கலை வரலாறு, இரண்டாம் ஆண்டு, தமிழ் வழி. மயிலாடும்பாறை அகழாய்வு பற்றிய செய்தியைப் படித்ததிலிருந்து தொல்லியல் மேல் ஆசை பிடித்துக்கொண்டது. வரலாற்றை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போக வேண்டுமா, இரண்டையும் சேர்த்துப் படிக்க வழி இருக்கிறதா என்பது கேள்வி. வீட்டில் பி.எட். முடித்து ஆசிரியர் வேலைக்குப் போகச் சொல்கிறார்களாம். கடைசியில் ஒரு வரி: "எங்கள் ஊர் வேடியப்பன் கோயிலில் எழுத்து வெட்டிய கல் ஒன்று இருக்கிறது. யாரும் படித்ததில்லை." மேலோட்டமாகப் பார்த்தால் எந்தப் பட்டம், எந்தக் கல்லூரி என்ற கேள்வி. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது இவை இரண்டும் ஒரே படிப்பா, இரண்டு வெவ்வேறு தொழில்களா என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அது தெளிந்துவிட்டால் பட்டத்தைப் பற்றிய முடிவு தானாக வரும். அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நான் தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரக் கல்லூரிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்தவன். அதற்கு முன் கல்வெட்டுப் பயிற்சி பெற்றேன். சில அகழாய்வுகளில் குழி ஓரத்தில் உட்கார்ந்து பதிவேடு எழுதியிருக்கிறேன். ஒரு அகழாய்வை முழுப் பொறுப்பேற்று நடத்தியதில்லை. ஆகவே கல்வெட்டைப் பற்றியும் கற்பித்தலைப் பற்றியும் நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். ஆய்வகக் காலக்கணிப்பைப் பற்றிச் சொல்வதை மட்டும் அந்தத் துறையில் இருப்பவர் ஒருவரிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எனக்கும் இப்படி ஒரு கல்தான் பாடம் சொன்னது. அரூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். ஊருக்குக் கிழக்கே புளியமரத்தடியில் வேடியப்பன். நம் இரண்டு மாவட்டங்களிலும் வேடியப்பன் என்று கும்பிடப்படுவது பல இடங்களில் ஒரு நடுகல்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கல்லில் எண்ணெயும் மஞ்சளும் விரல் கனத்துக்குப் படிந்திருந்தன. பூசாரியிடம் கேட்டுக்கொண்டு, தேங்காய் உடைத்து, இரண்டு குடம் வெந்நீர் ஊற்றி நார்த் தூரிகையால் மெல்லத் தேய்த்தபோது வீரன் தெரிந்தான். ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள், காலடியில் ஒரு கெண்டி. மேலே தமிழின் பழைய எழுத்து வகையான வட்டெழுத்தில் ஐந்து வரி. நனைத்த தாளைக் கல்லின் மேல் ஒட்டி, தட்டுத் தூரிகையால் எழுத்தின் பள்ளங்களுக்குள் தாள் இறங்கும்வரை அடித்து, ஈரம் பாதி உலர்ந்ததும் மையை ஒற்றினேன். கறுப்பில் வெள்ளையாக எழுத்துகள் எழுந்து வரும் அந்த நேரத்தின் மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை. "தொறு" என்ற சொல் தெளிவாக இருந்தது. மாட்டு மந்தை என்று பொருள். மந்தையைக் கவர வந்தவர்களோடு மோதி, அதை மீட்டு, அங்கேயே உயிர்விட்டவனுக்கு எடுத்த கல். அரசன் பெயர், ஆட்சியாண்டு, வீரன் பெயர் எல்லாவற்றையும் படித்து ஒரு கட்டுரை எழுதினேன். அதில், இந்தப் பூசல் ஊருக்குக் கிழக்கே உள்ள அந்த வெளியில்தான் நடந்தது, பண்டைய பெருவழி அதன் வழியாகத்தான் போயிருக்க வேண்டும் என்றும் துணிந்து எழுதிவிட்டேன்.

நான்கு ஆண்டு கழித்து வேறு வேலையாக அதே ஊருக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "அந்தச் சாமி எங்கள் தாத்தா காலத்தில் ஏரிக்குள் குப்புறக் கிடந்தது. மழை தவறிய வருஷம், ஏரி தூர் வாரும்போது கண்டெடுத்து, மாட்டுவண்டியில் ஏற்றி இங்கே கொண்டுவந்து நட்டார்கள்." எனக்குக் கை கால் ஓடவில்லை. எழுத்தை நான் சரியாகத்தான் படித்திருந்தேன், கல் நின்ற இடத்தைப் படிக்கவில்லை. கல்லின் அடிப்பகுதியை ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் போதும். சுற்றிப் பலகைக் கற்கள் இல்லை, பழைய குழியின் அடையாளம் இல்லை, கருங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நிறுத்தியிருந்தார்கள். தொல்லியல் பயின்ற ஒருவர் எழுத்துக்குப் போகும் முன் அதைத்தான் பார்த்திருப்பார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே வேடியப்பனுக்கு நடந்த பொங்கலையும் பலியையும் பார்த்துவிட்டு, சங்க காலத்திலிருந்து அறுபடாமல் வரும் வழிபாடு என்று என் கட்டுரையில் பெருமையாக எழுதியிருந்தேன். கல்லே ஏரிக்குள் கிடந்திருக்கிறது, அந்த ஊரில் அந்த வழிபாட்டுக்கு மூன்று தலைமுறை வயதுதான். புறநானூற்றில் அதியமான் இறந்தபின் ஔவையார் பாடுகிறார். நடுகல்லுக்குப் பீலி சூட்டி, சிறு கலத்தில் கள்ளை வார்த்தால் அதை அவன் கொள்வானோ என்று கலங்குகிறார். அந்தப் பாட்டையும் இன்றைய வேடியப்பனையும் அருகருகே வைத்துப் பார்க்க நெஞ்சு நெகிழும். ஆனால் நடுவில் என்ன நடந்தது என்பதைக் கல்லின் முகம் மட்டும் சொல்லாது.

வரலாறு, தொல்லியல் இரண்டுக்கும் உள்ள உறவை நான் புரிந்துகொண்டது இப்படித்தான். வரலாறு படிப்பவர் ஒருவர் எழுதி வைத்ததை எடுத்துக்கொண்டு, யார் எழுதினார், யாருக்காக, எதை விட்டார் என்று கேட்கப் பழகுகிறார். தொல்லியல் படிப்பவர் யாரும் நமக்காக எழுதி வைக்காததை, எறிந்த ஓட்டையும் எரிந்த கரியையும் அவிந்த அடுப்பையும் எடுத்துக்கொண்டு, இது எந்த மண்ணடுக்கில் கிடந்தது, கூட என்ன கிடந்தது, பின்னால் யாராவது கலைத்தார்களா என்று கேட்கப் பழகுகிறார். கேள்விகள் வேறு, கை பழக வேண்டிய வேலையும் வேறு. ஆகவே ஒரே படிப்பின் இரண்டு கிளைகள் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டும் இரண்டு தொழில்கள்தான். ஆனால் நம் ஊர் போன்ற இடத்தில் ஒன்றை அறியாமல் மற்றொன்றைச் செய்தால் என்னைப் போல மாட்டிக்கொள்ள நேரும்.

இரண்டும் சந்திக்கும்போது என்ன கிடைக்கும் என்பதற்கு அதியமானின் ஊரான நம் தகடூரையே எடுத்துக்கொள்ளலாம். தகடூர் என்பது தர்மபுரிதான் என்பதில் இன்று ஐயமில்லை, இங்குள்ள கல்வெட்டுகளே அந்தப் பெயரைச் சொல்கின்றன. புறநானூற்றின் 99ஆம் பாட்டில் ஔவையார் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்கிறார். அவன் முன்னோர் கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தார்கள் என்பது ஒன்று. அவன் கோவலூரை அழித்தான், அதைப் பரணர் பாடினார் என்பது மற்றொன்று. வெறும் புகழ்ச்சி என்று தள்ளிவிடலாம், அப்படியே வரலாறு என்று எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வழக்கைத் தீர்க்க வழியில்லை.

கோவலூர்ச் செய்திக்கு ஒரு சாட்சி கிடைத்தது. 1981இல், அந்தக் கோவலூரான திருக்கோவலூருக்குப் பக்கத்தில், நம் கிருஷ்ணகிரி வழியாக ஓடும் அதே தென்பெண்ணைக் கரையில், ஜம்பை என்ற ஊரின் குன்றில் ஒரு தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டைக் கண்டார்கள். ஒரே வரி. "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த" பாளி, அதாவது அவன் துறவிகளுக்குக் கொடுத்த கற்படுக்கை. அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளையில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சதியபுத்திரர் என்று ஒரு பெயர் வருகிறது. அது யார் என்று அறிஞர்கள் பல காலம் விவாதித்து வந்தார்கள். துளு நாட்டாரா, வேறு யாருமா என்று பல ஊகங்கள். ஜம்பையின் ஒற்றை வரி அந்த விவாதத்தைப் பெரும்பாலும் முடித்துவைத்தது. சதியபுத்திரர் என்றால் அதியமான் மரபினர். பாட்டு கோவலூரில் அவன் கை ஓங்கியதைச் சொல்கிறது, கல் அதே கோவலூர்ப் பகுதியில் அவன் பெயரோடு நிற்கிறது. இதில் உறுதியானது எது? கல்வெட்டின் வாசகம், அது இருக்கும் இடம், அதியமான் மரபுக்கும் சதியபுத்திரர் என்ற பட்டத்துக்கும் உள்ள தொடர்பு. ஐயத்துக்குரியது எது? ஜம்பையின் அஞ்சியும் ஔவை பாடிய அஞ்சியும் ஒரே ஆள்தானா என்பது. மன்னர் குடிகளில் பேரன் தாத்தா பெயரைத் தாங்குவது வழக்கம். ஒரே ஆள் என்று நம்ப நல்ல காரணங்கள் உண்டு, நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நான் நினைப்பதை என் மாணவர்கள் விடைத்தாளில் நிறுவப்பட்ட உண்மையாக எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கரும்புச் செய்தி இன்னும் சுவையானது. பாலக்கோட்டுப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் கரும்புத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே இந்தப் பாட்டை நினைத்துக்கொள்வேன். இதை எந்தக் கல்வெட்டும் தீர்த்து வைக்காது, மண்தான் சொல்ல வேண்டும். ஆனால் மண்ணிடம் எப்படிக் கேட்பது? நெல், கொள்ளு, பயறு என்றால் எரிந்த அடுப்பில் கருகிய மணிகள் கிடைக்கும். திருப்பத்தூர் அருகே பையம்பள்ளியில் 1960களில் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. கரும்பு அப்படியல்ல. அதைக் கரணை வெட்டி நடுகிறோம், விதையைச் சேமிப்பதில்லை, மணி என்று ஒன்று களஞ்சியத்துக்கு வருவதே இல்லை. மிஞ்சக்கூடியது இலையிலும் தட்டையிலும் உள்ள கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள்கள்தான். மண்ணை ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் நுண்ணோக்கியில் தேட வேண்டும். அங்கும் அவை கரும்பினுடையவையா, அதன் உறவான நாணற்புல்லினுடையவையா என்று பிரித்தறிவது எளிதல்ல. பாருங்கள், பாட்டைப் படித்திராத தொல்லியலாளருக்கு இந்தக் கேள்வியே எழாது. கரணைக்கும் மணிக்கும் உள்ள வேறுபாட்டை யோசிக்காத வரலாற்று மாணவர், "அகழாய்வில் கரும்பு கிடைக்கவில்லை, ஆகவே ஔவையார் சொன்னது கற்பனை" என்று அவசரமாக எழுதிவிடுவார். இந்த இரண்டு தவறுகளையும் தவிர்க்க விரும்பினால் நீங்கள் இரண்டையும் படிக்க வேண்டும்.

சேர்த்துப் படிப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாதிப் பதில் சொன்னதாகவே ஆகும். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை நிரூபித்துவிட்டதாக நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது எளிது. ஓர் ஊரில் எரிந்த மண்ணடுக்கு கிடைக்கிறது என்று வையுங்கள். பதிற்றுப்பத்து, சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை எறிந்தான், அதாவது தாக்கி அழித்தான் என்கிறது. உடனே இது அந்தப் போரில் எரிந்தது என்கிறோம். பிறகு, போர் நடந்ததற்கு ஆதாரம் என்ன என்று யாராவது கேட்டால் அந்த எரிந்த மண்ணடுக்கைக் காட்டுகிறோம். பாட்டுக்கு மண் சாட்சி, மண்ணுக்குப் பாட்டு சாட்சி. இரண்டு பேர் ஒருவருக்கொருவர் ஜாமீன் போட்டுக்கொண்ட கதைதான் இது. கூரை வீடுகள் நிறைந்த ஊரில் ஒரு சமையல் தீ போதும் அப்படி ஒரு அடுக்கு உருவாக. மண்ணின் காலத்தை மண்ணைக் கொண்டே கணித்துவிட்டு, பாட்டின் காலத்தை மொழியையும் மரபையும் கொண்டு தனியாகக் கணித்துவிட்டு, அதன் பிறகே இரண்டையும் ஒப்பிட வேண்டும். இந்த ஒழுங்கைக் கடைப்பிடிப்பது சொல்வதைவிடக் கடினம். ஆசை நம்மைப் பிடித்து இழுக்கும்.

உங்களை இந்தப் பக்கம் இழுத்த மயிலாடும்பாறையையே பார்ப்போம். பர்கூர் வட்டத்தில் உள்ள அந்த இடத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2021இல் அகழ்ந்தது. 2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதலமைச்சர் முடிவுகளை அறிவித்தார். கரிமக் காலக்கணிப்பில் கி.மு. 2172, கி.மு. 1615 என்ற இரண்டு காலங்கள் கிடைத்தன, தமிழ்நாட்டில் இரும்புப் பயன்பாடு 4,200 ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று. 2025 ஜனவரியில் வெளியான அறிக்கை தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையை வைத்து அதை இன்னும் பின்னுக்கு, கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுக்குக் கொண்டுபோயிருக்கிறது. நம் மாவட்டத்தின் பெயர் உலக ஆய்வரங்குகளில் பேசப்படுவது பெருமைதான், எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் ஒரு மாணவியாக நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டியது இது. ஆய்வகம் அளந்தது கரியின் வயதை. அந்த மரம் உயிரோடு இருந்த காலத்துக்கு அது உறுதியான சான்று. அந்தக் கரியும் இரும்பும் ஒரே சமயத்தில் அந்த மண்ணுக்குள் போயின என்பது அகழாய்வாளர் மண்ணடுக்கைப் பார்த்துச் செய்யும் முடிவு. பழைய மரத்தை எரித்திருக்கலாம், எலி வளையோ வேரோ கரியை இடம் மாற்றியிருக்கலாம். அதனால்தான் ஒரே இடத்தில் பல மாதிரிகள், பல இடங்களில் ஒத்த முடிவுகள் என்று கேட்கிறோம். அப்படி முடிவுகள் சேரச் சேர நம்பிக்கை வலுக்கிறது. இப்படிப் பிரித்துப் பார்ப்பதைக் கண்டுபிடிப்பைக் குறைத்துப் பேசுவதாக யாராவது சொன்னால் பொருட்படுத்தாதீர்கள். கேள்வி கேட்டுப் பார்த்து நின்ற முடிவைத்தான் வெளியூர்க்காரனும் ஏற்பான்.

வெளியிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு. 1945இல் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது இத்தாலியில் செய்த சிவப்புப் பானையோடுகள் கிடைத்தன. அவை எந்தக் காலத்தில் செய்யப்பட்டவை என்பது ஐரோப்பாவில் தெரியும். அவற்றோடு கிடந்த உள்ளூர்ப் பானைகளுக்கும் அதனால் காலம் கிடைத்தது. 1947இல் கர்நாடகத்தின் பிரம்மகிரியில் அதே உள்ளூர் வகைப் பானையைக் கண்டு, அங்கிருந்த பெருங்கற்காலச் சின்னங்களுக்கும், அதாவது பெரிய கற்களை வைத்து எழுப்பிய பழைய ஈமச் சின்னங்களுக்கும் காலம் குறித்தார். எழுத்தும் வணிகமும் அறிந்த உலகத்தின் தேதியை ஒரு பானையோடு தூக்கிக்கொண்டு காலம் தெரியாத கற்களிடம் நடந்து வந்தது போல. பின்னால் வந்தவர்கள் அந்த உள்ளூர்ப் பானை வகை இன்னும் பழையது என்று திருத்தினார்கள். திருத்த முடிந்ததற்குக் காரணம், எந்த ஓடு எந்த அடுக்கில் கிடந்தது என்று அவர் எழுதி வைத்திருந்தது.

இனி பட்டம். பிரிட்டனில் சில பல்கலைக்கழகங்களில் வரலாறும் தொல்லியலும் சேர்ந்த ஒரே இளங்கலைப் பட்டம் உண்டு. அமெரிக்காவிலோ தொல்லியல் பெரும்பாலும் மானுடவியல் துறைக்குள் இருக்கிறது. நம் நாட்டில் வழக்கமான பாதை, இளங்கலையில் வரலாறு, முதுகலையில் தொல்லியல். ஆகவே நீங்கள் எதையும் விட்டுத் தாவ வேண்டியதில்லை, சரியான இடத்தில்தான் நிற்கிறீர்கள். இரண்டாம் ஆண்டில் படிப்பை மாற்றி ஓராண்டை இழப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். முதுகலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறும் தொல்லியலும் என்றே ஒரு துறை இருக்கிறது, நீங்கள் கேட்கும் 'சேர்த்துப் படிப்பது' அதன் பெயரிலேயே இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் மற்றும் தொல்லியல் துறை உண்டு, தமிழ் வழியில் வந்தவருக்கு அது இதமான இடம். அகழாய்வும் ஆய்வக அறிவியலும்தான் வேண்டும் என்றால் புனேவின் டெக்கான் கல்லூரி. முதுகலைக்குப் பிறகு, தமிழ்நாடு தொல்லியல் துறை சென்னையில் நடத்தும் முதுநிலைப் பட்டயப் படிப்பு ஒன்று இருக்கிறது, உதவித்தொகையும் உண்டு. கல்வெட்டும் களப்பணியும் கற்க நம் மாநிலத்தில் அதைவிட நேரான வழி இல்லை என்பேன். மத்தியத் தொல்லியல் துறையின் பயிற்சி நிறுவனம் கிரேட்டர் நொய்டாவில் இருக்கிறது. 2020இல் அதன் சேர்க்கை அறிவிப்பில் செம்மொழிகளைச் சொல்லும் இடத்தில் தமிழ் இல்லாமல் போக, இங்கே எதிர்ப்பு எழுந்தபின் சேர்த்தார்கள். அறிவிப்புகளை வரிக்கு வரி படிக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அதை அழுத்திச் சொல்ல எனக்கு வேறு காரணமும் உண்டு. என்னிடம் படித்த ஒருவர் வெளிமாநிலத்தில் கூட்டுப் பெயர் கொண்ட ஒரு முதுகலைப் பட்டம் வாங்கினார். நல்ல மதிப்பெண். திரும்பி வந்து பள்ளியில் முதுகலை ஆசிரியர் பணிக்குத் தேர்வு எழுதி, சான்றிதழ் சரிபார்ப்பு வரை போய்விட்டார். அங்கே, இது முதுகலை வரலாற்றுக்கு இணையானது என்று ஆணை இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. அதைப் பெற அலைந்து முடிப்பதற்குள் அந்த முறை வாய்ப்புப் போய்விட்டது. அவர் என் வீட்டுத் திண்ணையில் அந்தச் சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை மறக்க முடியவில்லை. உங்கள் வீட்டார் ஆசிரியர் வேலையைச் சொல்கிறார்கள் அல்லவா? அந்தக் கதவைத் திறந்து வைத்துக்கொள்ள நினைத்தால், சேர்வதற்கு முன்பே பட்டத்தின் இணைத்தன்மையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்விலும் வரலாறு ஒரு பாடம், தொல்லியல் தனிப் பாடம். எதை எழுதப் போகிறீர்கள் என்பதை முதுகலையின் முதல் ஆண்டிலேயே முடிவு செய்யுங்கள். அந்தத் தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் நடக்கிறது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

தமிழ் வழியில் படித்தது குறையா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் வரிகளுக்கு நடுவே அது தெரிகிறது. கல்வெட்டில் அது குறையே அல்ல. தமிழை நன்றாகப் படித்தவருக்கு நடுகல்லின் நடை சீக்கிரம் பிடிபடும். தொல்காப்பியம் நடுகல்லுக்குச் சொல்லும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்ற ஆறு நிலைகளும் உங்களுக்குப் பள்ளியிலேயே காதில் விழுந்திருக்கும். ஆனால் அகழாய்வு அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. சரளமாகப் பேச வேண்டாம், ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் அகராதியோடு படித்தால் ஓராண்டில் வழி திறக்கும், என் மாணவர்கள் பலரிடம் பார்த்திருக்கிறேன். நம் பகுதிக்கு இன்னொரு பலம் இருக்கிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடக் கல்வெட்டுகள் நிறைய. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர் என்றால், அதை வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த எழுத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். கங்கர், நுளம்பர் என்ற கன்னட நாட்டு அரச மரபினரும் ஆண்ட மண்ணைத் தமிழ்க் கல்வெட்டு மட்டும் வைத்து எழுதினால் பாதிதான் வரும்.

வேலை கிடைக்குமா என்றால், எளிதில் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. தொல்லியல் அலுவலர், அருங்காட்சியகக் காப்பாட்சியர் போன்ற பணியிடங்கள் குறைவு, அறிவிப்புகளும் ஆண்டுதோறும் வருவதில்லை. அதனால்தான் வீட்டில் சொல்லும் பி.எட்.டை நான் எதிரியாகப் பார்க்கவில்லை. ஆனால் முதுகலையை முடித்துவிட்டு அதற்குப் போங்கள். இருபது, இருபத்தோரு வயதில் களத்தில் கழிக்கும் இரண்டு ஆண்டுகள் பிறகு கிடைக்காது. உங்கள் அப்பாவோ அண்ணனோ பெண்பிள்ளை வெயிலில் குழிக்குள் என்ன செய்வாள் என்று தயங்கினால், அகழாய்வு நடக்கும் இடத்துக்கே ஒரு நாள் அழைத்துப் போய்க் காட்டுங்கள். ஊத்தங்கரைப் பக்கம் சென்னானூரில் 2024இல் அகழாய்வு தொடங்கியது. அப்படிப்பட்ட களங்களில் பதிவேடு எழுதுவதிலிருந்து பானையோடு வரைவது வரை பெண்கள் செய்கிறார்கள். என் சொல்லைவிட அவர்களைப் பார்ப்பது வீட்டாருக்கு நம்பிக்கை தரும்.

மூன்றாம் ஆண்டு தொடங்குவதற்கு முன் செய்யக்கூடியவை சில உண்டு. தர்மபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் முழுக்க அங்கே இருங்கள். பெயர்ப்பலகையைப் படிக்காமல் ஒரே ஒரு கல்லை எடுத்துக்கொண்டு பென்சிலால் வரையுங்கள். வரைந்தால்தான் கண் பார்க்கும். வீரனின் கொண்டை எந்தப் பக்கம் சாய்கிறது, வாள் நேரா வளைவா, காலடியில் மாடு இருக்கிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். மல்லச்சந்திரத்துக் கல்திட்டைகளை, கற்பலகைகளை நிறுத்தி மேலே மூடிய அந்தப் பழைய ஈமச் சின்னங்களைப் போய்ப் பாருங்கள், மழைக்குப் பிந்தைய மாதங்கள் நல்லவை. பிறகு உங்கள் ஊரின் கிராம வரைபடத்தை வாங்கி, நத்தமேடு, பாண்டவர் குழி, கோட்டைமேடு என்பது போன்று பழைய இடங்களைக் காட்டிக்கொடுக்கும் பெயர்கள் எந்தப் புல எண்ணில் வருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். 1792இல் பாரமகால் என்ற நம் வட்டாரம் ஆங்கிலேயர் கைக்கு வந்ததும், அவர்களின் அதிகாரிகளான ரீடும் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து, உழவரிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் போட்டார்கள். அந்தக் கால ஆவணங்களில் பாழூர் என்று குறித்த இடத்துக்கு நடந்து போய்ப் பார்த்தால் உழுத மண்ணில் கறுப்பு சிவப்புப் பானையோடு மின்னக்கூடும். வரலாற்று மாணவியும் தொல்லியல் மாணவியும் ஒரே ஆளாக நடக்கும் இடம் அதுதான். ஆனால் தோண்டக் கூடாது. ஓர் அடி கூட. அனுமதியில்லாமல் தோண்டுவது தவறு என்பதோடு, தோண்டிய மண்ணடுக்கை மறுபடி யாராலும் படிக்க முடியாது. கிடந்த ஓட்டைக் கூடப் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அங்கேயே விட்டுவிடுங்கள்.

உங்கள் ஊர்க் கல்லுக்கு வருகிறேன். மாவு, சுண்ணாம்பு, சாக்கட்டி எதையும் எழுத்தின் மேல் தேய்க்க வேண்டாம், கம்பித் தூரிகை வேண்டவே வேண்டாம். பூசாரியிடம் சொல்லிவிட்டு, காலை ஏழு மணி வெயில் கல்லின் மேல் பக்கவாட்டில் விழும்போது நான்கு கோணங்களில் படம் எடுங்கள். நேர் வெயிலில் தெரியாத எழுத்து அந்தச் சாய்வெயிலில் நிழல் கட்டி நிற்கும். கல்லின் உயரம், அகலம், தடிமன், அது பார்க்கும் திசை இவற்றை எழுதுங்கள். அடிப்பகுதியைத் தனியாகப் படம் எடுங்கள். பிறகு ஊரில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இரண்டு பேரிடமாவது, தனித்தனியாக, இந்தச் சாமி எப்போதும் இங்கேதான் இருந்ததா என்று கேளுங்கள். பதிலை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் இங்கே போடுங்கள். எழுத்தைப் படிக்க நான் உதவுகிறேன்.